முக்கோணமும் கொடியும்: பற்றவைப்புக் குறியீடுகளின் கதை

போடிநாயக்கனூரிலிருந்து வடமேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலைச்சுவரின் உச்சியில் டாப் ஸ்டேஷன் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே இன்று ஸ்டேஷன் எதுவும் இல்லை. 1902இல் மூணாறிலிருந்து அந்த உச்சிவரை குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. ஒரே தண்டவாளத்தின்மீது ஓடியபடி, தரையில் ஊன்றிய பக்கச் சக்கரத்தால் சமநிலை காத்துக்கொள்ளும் ஈவிங் முறை வண்டி அது. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறும்பாதை போட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் உச்சிவரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு மாட்டுவண்டியில் போடிக்குச் சென்றன. 1924 ஜூலைப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை வாரிக்கொண்டு போனது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயில் போடிக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் கதை சுற்றுலாக் கையேடுகளில் கிடைப்பதுதான். அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே இங்கு நமக்கு வேண்டும்: அந்தக் காலத்தில் இரும்போடு இரும்பை எப்படிச் சேர்த்தார்கள் என்பது. பாலங்கள், கொதிகலன்கள், கப்பல்கள், கோபுரங்கள் எல்லாவற்றையும் ரிவெட்டும் போல்ட்டும்தான் பிணைத்திருந்தன. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப்பகுதியை நினைவுகூர்ந்தால் போதும். அதன் எஃகுத் தகடுகளின் மேல் அம்மைத் தழும்புகளைப்போல வரிசை வரிசையாய் ரிவெட் தலைகள். ஒருவர் உலையில் பழுக்கக் காய்ச்ச, ஒருவர் பிடித்து வாங்கித் துளையில் செருக, ஒருவர் பின்னால் அண்டக்கொடுக்க, ஒருவர் முன்னால் அடித்துத் தலை பரப்ப, நால்வர் கூடிச் செய்யும் வேலை அது. வேலை முடிந்தபின் இணைப்பு கண்ணுக்குத் தெரியும். எத்தனை ரிவெட், எந்த இடைவெளியில் என்று எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே ரிவெட் காலத்து வரைபடக்காரருக்குக் குறியீட்டு மொழி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ரிவெட் ஒரு பொருள், பொருளை வரைந்துவிடலாம். ஒரே ஒரு செய்தியைத்தான் குறியால் சொல்லவேண்டியிருந்தது: இந்த ரிவெட்டைப் பட்டறையிலேயே அடிக்கவேண்டுமா, கட்டுமான இடத்துக்குக் கொண்டுபோய் அடிக்கவேண்டுமா? அமெரிக்க வரைபடங்களில் பட்டறை ரிவெட்டுக்கு வெற்று வட்டம், களத்தில் அடிக்கும் ரிவெட்டுக்குக் கருமை நிரப்பிய வட்டம். இந்தக் கரும்புள்ளியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

பற்றவைப்பு வந்தபோது இந்த வசதி போய்விட்டது. 1880களில் ரஷ்யப் பேரரசின் பெனார்தோஸ் கரிமுனை வில்சுடரால் உலோகத்தை உருக்கி இணைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு ஆஸ்கார் செல்பெரி பூச்சிட்ட மின்வாய்க்கம்பியை உருவாக்கினார். இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் 'வெல்டிங் ராடு' என்று கட்டுக்கட்டாய் வாங்கும் பொருளின் மூதாதை அது. 1920இல் பிரிட்டனில் ஃபுல்லகர் என்ற கப்பல் ரிவெட்டே இல்லாமல் முழுக்கப் பற்றவைப்பால் கட்டப்பட்டது. 1929இல் போலந்தின் மௌஜிட்செ என்ற ஊரில் ஸ்டெஃபான் பிரிவா வடிவமைத்த பற்றவைத்த சாலைப்பாலம் திறக்கப்பட்டது. ரிவெட் எடை குறைந்தது, துளையிடும் வேலை குறைந்தது. கூடவே ஒரு சிக்கலும் பிறந்தது.

பற்றவைப்பு தனித்த பொருளாக இருப்பதில்லை என்பதுதான் அந்தச் சிக்கல். அது ஒரு நிகழ்வு. வரைபடம் தீட்டப்படும் நேரத்தில் அது இல்லை. நிகழ்ந்து முடிந்தபின்னோ தாய் உலோகத்தோடு கலந்து, அதன் உள்ளே எதுவரை ஊடுருவியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாததாகிவிடுகிறது. தொடக்ககால வரைபடங்களில் 'இங்கே வெல்டு செய்க' என்று எழுதி அம்பு போட்டு விட்டுவிட்டார்கள். எந்தப் பக்கம்? எவ்வளவு தடிமன்? முழு நீளமுமா, விட்டுவிட்டா? விளிம்பைச் சீவி உருக்கவேண்டுமா, மூலையில் நிரப்பினால் போதுமா? இத்தனை கேள்விக்கும் பதிலை வெல்டரின் நல்லெண்ணத்துக்கு விட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் நம் யாப்பிலக்கணம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. இருகுறள் நேரிசை வெண்பாவில் முதற்குறளின் ஈற்றுச் சீரையும் தனிச்சொல்லையும் ஓசை கெடாமல் ஒட்டுவதற்காக ஓரசையோ ஈரசையோ இட்டு நிரப்புவதுண்டு. அதற்கு ஆசு என்று பெயர். அப்படி அமைந்த பாட்டு ஆசிடை நேரிசை வெண்பா. பொற்கொல்லர் இரு துண்டுப் பொன்னை ஒட்டவைக்க இடையில் இடும் பற்றாசிலிருந்து பெறப்பட்ட கலைச்சொல் இது. உலோகத்தை இணைக்கும் தொழிலிலிருந்து தமிழிலக்கணம் ஒரு சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயினும் பற்றாசு வேறு, வில்சுடர்ப் பற்றவைப்பு வேறு. பற்றாசில் எளிதில் உருகும் வேறொரு உலோகம் இடையில் புகுந்து ஒட்டுகிறது, பொன் உருகுவதில்லை. வில்சுடரில் தாய்த்தகடே உருகிக் கலக்கிறது. இலக்கணச் சொல் கொண்டு சொன்னால் முன்னது ஆசு, பின்னது புணர்ச்சி. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் திரிந்து ஒன்றாவது போல.

பற்றவைப்புக்கான குறியீட்டு மொழி 1920களிலிருந்து 1940கள் வரையிலான காலத்தில் உருப்பெற்றது. அமெரிக்கப் பற்றவைப்புச் சங்கம் 1919இல் தோன்றியது, பிரிட்டனின் பி.எஸ். 499 தரநிலை 1930களில் வந்தது. அந்த மொழியின் அமைப்பு மிக எளியது. கிடையாக ஒரு குறிப்புக்கோடு. அதன் ஒரு முனையிலிருந்து இணைப்பை நோக்கிச் சாய்ந்திறங்கும் அம்பு. மறுமுனையில், தேவைப்பட்டால், மீன்வாலைப்போல் பிளந்த ஒரு வால். எந்த முறையில் பற்றவைப்பது போன்ற கூடுதல் செய்திகளுக்கான இடம் அது. கோட்டின்மீது ஒரு சிறு வடிவம். இரு தகடுகள் செங்குத்தாய்ச் சந்திக்கும் மூலையை நிரப்பும் ஃபில்லெட் பற்றவைப்புக்கு ஒரு செங்கோண முக்கோணம். அதன் நிமிர்ந்த பக்கம் எப்போதும் இடப்புறமே நிற்கும். தகட்டு விளிம்புகளைச் சரிவாகச் சீவி நடுவில் உருக்கி நிரப்பவேண்டுமென்றால் ஒரு 'வி' வடிவம். சீவாமல் நேர்விளிம்பாகவே சேர்ப்பதற்கு இரு இணைகோடுகள். வடிவத்தின் இடப்பக்கம் அளவு, வலப்பக்கம் நீளம். அம்புக்கோடும் குறிப்புக்கோடும் சந்திக்கும் முழங்கையில் ஒரு வட்டம் இருந்தால் சுற்றிலும் பற்றவைக்கவேண்டும். அதே முழங்கையில் ஒரு கொடி பறந்தால், இதைப் பட்டறையில் செய்யாதே, களத்தில் செய் என்று பொருள்.

இந்தக் கொடி பின்னால் வந்தது. அமெரிக்க முறையில் முதலில் அந்த இடத்தில் இருந்தது ஒரு கரும்புள்ளி. ரிவெட் வரைபடத்தின் கரும்புள்ளி அப்படியே இடம்பெயர்ந்து வந்திருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. தொழில் மாறினாலும் கை பழகிய குறி சில பத்தாண்டுகள் கூடவே வருகிறது.

படத்தில் உள்ள அத்தனை கோடுகளிலும் மிகச் சிறியவை இவைதாம். ஆனால் வேற்றுமை உருபைப்போல, இடம் மாறினால் பொருளே மாறிவிடும். அமெரிக்க முறையில் முக்கோணம் குறிப்புக்கோட்டின் கீழே இருந்தால் அம்பு தொடும் பக்கத்தில் பற்றவைப்பு. மேலே இருந்தால் மறுபக்கத்தில். ஐரோப்பிய வழியில் வந்த சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 2553 வேறு உத்தியைக் கையாண்டது. முழுக்கோட்டுக்கு இணையாக ஒரு விட்டுவிட்ட கோடும் வரையப்படும். முக்கோணம் முழுக்கோட்டில் அமர்ந்தால் அம்புப் பக்கம். விட்டுவிட்ட கோட்டில் அமர்ந்தால் மறுபக்கம். அந்த விட்டுவிட்ட கோட்டை மேலேயும் போடலாம், கீழேயும் போடலாம். ஆக, ஒரு முறையில் மேல்-கீழ் என்பதுதான் எல்லாம். மற்றதில் மேல்-கீழுக்குப் பொருளே இல்லை. ஒரே எழுத்தை இரு மொழிகள் வேறுவேறு ஒலியாய் வாசிப்பதற்கு ஒப்பான நிலை இது. இதைத் தீர்த்துவிட முயன்றவர்கள் தோற்றார்கள் என்றே சொல்லவேண்டும். 2013இல் வந்த ஐ.எஸ்.ஓ. 2553 பதிப்பு இரு முறைகளையும் 'ஏ', 'பி' என்று பெயரிட்டுப் பக்கம்பக்கமாக வைத்து, எதைப் பின்பற்றுகிறாய் என்று படத்தில் சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டது. முதலாவது ஐரோப்பிய வழக்கு, இரண்டாவது பசிபிக் கரை நாடுகளின் வழக்கு.

இந்தியா இந்த இரண்டு மொழியையும் வாசிக்கவேண்டிய இடத்தில் இருந்தது. 1947இல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனம் 1961இல் ஐ.எஸ். 813 என்ற பற்றவைப்புக் குறியீட்டுத் தரநிலையை வெளியிட்டது. 1986இல் அது திருத்தப்பட்டது. ஆனால் தொழிற்சாலைகள் தரநிலைக்காகக் காத்திருக்கவில்லை. ஒத்துழைப்பு தந்த நாடு எதுவோ அதன் வரைபடத்தோடு வந்தன. திருச்சி திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1960களின் நடுவில் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்போடு உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் அமெரிக்காவின் கம்பஸ்டன் எஞ்சினியரிங் நிறுவனத்தின் தொழில்நுட்பம் வந்தது. கிழக்கு ஐரோப்பாவின் கோடும் அமெரிக்காவின் கோடும் ஒரே ஆலைக்குள் நுழைந்தன என்றால் அங்கே மொழிபெயர்ப்பு ஒரு அன்றாட வேலையாகத்தான் இருந்திருக்கும். 1975இல் அந்த வளாகத்திலேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. திருச்சியைச் சுற்றி எழுந்த நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து இளைஞர்கள் ஐ.டி.ஐ. வெல்டர் சான்றிதழோடு வேலைக்குப் போனது அதன் தொடர்ச்சி.

எழுத்து ஒன்று, வாசிப்பு இரண்டு என்பதால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. முக்கோணத்தின் பக்கத்தில் 6 என்று எழுதியிருக்கிறது. அது எதன் அளவு? முக்கோணப் பற்றவைப்பின் காலின் நீளமா, அல்லது மூலையிலிருந்து சரிவு முகப்புக்கு உள்ள குறுகிய தூரமான கழுத்தின் அளவா? அமெரிக்கர்கள் காலை அளந்தார்கள்; ஜெர்மானியர்கள் கழுத்தை அளந்தார்கள். சுமை தாங்குவது கழுத்து. செங்கோண மூலையில் கழுத்து, காலின் 0.7 மடங்கு, நமது ஐ.எஸ். 816 விதியும் அதே எண்ணைத்தான் தருகிறது. வடிவமைத்தவர் 6 மில்லிமீட்டர் கழுத்து என்று எண்ணி எழுதியதை வெல்டர் 6 மில்லிமீட்டர் கால் என்று வாசித்தால் கிடைப்பது 4.2 மில்லிமீட்டர் கழுத்து. வலிமையில் பத்தில் மூன்று பங்கு, யாருக்கும் தெரியாமல், காணாமல் போய்விடும். மாற்றி வாசித்தால் கால் 8.5 மில்லிமீட்டராகும், நிரப்பும் உலோகம் இருமடங்கு, அதற்கேற்ற சூடு, அதற்கேற்ற தகட்டு நெளிவு. இதனால்தான் ஐ.எஸ்.ஓ. முறையில் எண்ணுக்கு முன்னால் கழுத்துக்கு 'ஏ' என்றும் காலுக்கு 'இசட்' என்றும் ஓரெழுத்து சேர்க்கவேண்டியதாயிற்று. விட்டுவிட்டுப் பற்றவைப்பதிலும் இதே கதைதான். 50 மில்லிமீட்டர் நீளம், 150 இடைவெளி என்பதை அமெரிக்க முறை நடுவுக்கு நடு 150 என்று கொள்ளும், ஐ.எஸ்.ஓ. 'ஏ' முறை ஒன்றின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கம்வரை 150 என்று கொள்ளும். முன்னதில் மூன்றில் ஒரு பங்கு இணைப்பு. பின்னதில் நான்கில் ஒரு பங்கு.

சிறிய முக்கோணம் என்று அலட்சியமாக இருந்ததன் விலையை 1980 மார்ச் 27 அன்று வட கடல் சொன்னது. எகோஃபிஸ்க் எண்ணெய்வயலில் பணியாளர் தங்குமிடமாகப் பயன்பட்ட அலெக்சாண்டர் ஷெலான் என்ற ஐந்துகால் மிதவைமேடையின் கால் ஒன்று மாலைநேரப் புயலில் முறிந்து, மேடை கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். விசாரணை அந்த முறிவின் தொடக்கத்தைத் தேடிப்போய் நின்ற இடம் ஒரு 6 மில்லிமீட்டர் ஃபில்லெட் பற்றவைப்பு. காலைத் தாங்கிய குழாய்ச்சட்டம் ஒன்றில், கடலுக்கடியில் ஒலி கேட்கும் கருவியைப் பொருத்துவதற்காகச் சிறு வளையம் ஒன்றை ஒட்டவைத்திருந்தார்கள். அது எந்தச் சுமையையும் தாங்கும் உறுப்பன்று. ஆகவே அதன் பற்றவைப்பை எவரும் பெரிதாக எண்ணவில்லை. அந்த மூலையில் விரிசல் தோன்றி, அலைக்கு அலை நீண்டு, சட்டம் முழுவதையும் சுற்றிவந்துவிட்டது. விரிசலின் உட்புறத்தில் வண்ணப்பூச்சின் தடயம் இருந்தது. மேடை கட்டி முடித்துப் பெயிண்ட் அடித்தபோதே அந்த விரிசல் அங்கு வாய்திறந்திருந்தது என்பது அதன் பொருள். எஃகின் பார்வையில் துணை உறுப்பு, முதன்மை உறுப்பு என்ற பேதம் கிடையாது. உருகி ஒட்டியதெல்லாம் அதன் உடம்புதான்.

போடிக்குத் திரும்புவோம். இந்த ஊரின் பொருளாதாரம் ஏலக்காய். ஏலக்காயின் விலை அதன் பச்சை நிறம். மலைமேல் பறித்த காய் அன்றே ஸ்டோருக்கு வந்துவிடவேண்டும். ஸ்டோர் என்று இங்கே சொல்வது கடையையோ கிடங்கையோ அன்று. காய் உலர்த்தும் கட்டடத்தை. வெளியே அடுப்பு எரியும். அதன் சூட்டையும் புகையையும் தகட்டுக் குழாய் உள்ளறை வழியாகக் கொண்டுபோய்ப் புகைபோக்கியில் விடும். அறையின் வெப்பம் 45 முதல் 50 டிகிரிவரை, ஏறக்குறைய ஒரு முழுநாள். சூடு காய்க்குச் சேரவேண்டும், புகை சேரக்கூடாது. குழாயின் மூட்டில் ஊசித்துளை இருந்தால் போதும், அறை முழுக்கப் புகைநாற்றம் ஏறி, மூக்கால் மதிப்பிடும் வியாபாரியிடம் அந்தச் சரக்கு விலை இழந்துவிடும்.

இந்தக் குழாயை ஒரு வரைபடத்தில் போட்டால் அதன் மூட்டில் முக்கோணமும், முழங்கையில் சுற்றிலும் என்று சொல்லும் வட்டமும் இருக்கவேண்டும். வலிமைக்காகப் பார்த்தால் அங்கே நான்கு டேக் வைத்தாலே குழாய் நிற்கும். அது தாங்குவது தன் எடையை மட்டுமே. புகையை அடைப்பதற்காகத்தான் தொடர்ச்சியான இணைப்பு. வலிமைக்கு ஒரு கணக்கு, கசிவுக்கு வேறொரு கணக்கு. குறியீட்டு மொழி இரண்டையும் ஒரே முக்கோணத்தால்தான் சொல்கிறது. ஏன் என்று அது சொல்வதில்லை. ஏன் என்று தெரிந்த வெல்டருக்குப் படமே தேவைப்படுவதில்லை. சாக்பீஸால் தகட்டின்மேல் இரண்டு கோடு கிழித்து, 'இங்க ஃபுல்லு, இங்க டேக்கு' என்று மேஸ்திரி சொல்வதில் ஒரு தலைமுறை வேலை நடந்திருக்கிறது. அதைக் குறைவான அறிவாக நான் கருதவில்லை. ஆனால் சொல்பவரும் கேட்பவரும் ஒரே கூரையின்கீழ் நிற்கும்வரைதான் சாக்பீஸ் செல்லும். 2012இல் போடியில் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியில் வரையக் கற்கும் மாணவர், தான் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒரு வெல்டருக்குத்தான் அந்த முக்கோணத்தை இடுகிறார்.

களத்தில் செய்க என்ற கொடிக்குப் பொருத்தமான காட்சி, போடிக்கு வந்த ரயில்பாதையே. 1928இல் வந்த மீட்டர் கேஜ் பாதை இரண்டாம் உலகப்போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் இடப்பட்டது. தண்டவாளத் துண்டுகளை ஃபிஷ் பிளேட் வைத்துப் போல்ட்டால் முடுக்கிய காலம் அது. வெயிலில் விரிய இடைவெளி விட்டிருப்பார்கள். சக்கரம் அந்த இடைவெளியைக் கடக்கும்போதெல்லாம் எழும் 'தடக் தடக்' ஒலி நமது திரைப்படங்களுக்கும் சிறுகதைகளுக்கும் எவ்வளவோ உதவியிருக்கிறது. 2010 இறுதியில் அந்தப் பாதை அகலப்பாதை மாற்றத்துக்காக மூடப்பட்டது. தேனிவரை ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. பன்னிரண்டரை ஆண்டுகள் இந்த ஊர் ரயிலின்றி இருந்தது.

அந்த ஒலியை அகலப்பாதைகளிலிருந்து எடுத்துவிட்டது பற்றவைப்பு. 13 மீட்டர் தண்டவாளங்களை ஆலையில் முனைக்கு முனை மின்சாரத்தால் காய்ச்சி அழுத்தி இணைக்கிறார்கள். இருபது சேர்ந்தால் 260 மீட்டர் நீளத் தொகுதி. தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையிலான இணைப்பைப் பாதையிலேயே செய்யவேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டாம். 1890களில் ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் கண்டறிந்த தெர்மிட் முறை. அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த கலவையைப் பற்றவைத்தால் 2000 டிகிரிக்கு மேல் கொதித்து, சில நொடிகளில் உருகிய எஃகு கீழிறங்கும். இரு தண்டவாள முனைகளுக்கிடையே விட்ட 25 மில்லிமீட்டர் இடைவெளியைச் சுற்றி மண் அச்சு கட்டியிருப்பார்கள். எஃகு அதில் நிரம்பும். ஆறியபின் உபரியை வெட்டி, தலைப்பகுதியைத் தேய்த்துச் சமமாக்கி, உள்ளே குறை உண்டா என்று மீயொலியால் சோதிப்பார்கள்.

இங்கே குறியீடு வரைபடத்தை விட்டு இறங்கி இணைப்பின்மீதே வந்து அமர்கிறது. இந்திய ரயில்வே விதிப்படி ஒவ்வொரு தெர்மிட் இணைப்புக்கும் அருகில், தண்டவாளத்தின் இடைத்தகட்டில் ஓர் அடையாளம் இருக்கவேண்டும்: மாதம், ஆண்டு, செய்த அமைப்பு, வெல்டரின் குறியெண், அந்த ஆண்டில் அது எத்தனையாவது இணைப்பு என்ற எண். என்றோ ஒருநாள் அங்கே விரிசல் கண்டால் யார் கை என்று தேடிப்போவதற்காக. வரைபடத்து முக்கோணத்தில் வடிவமைப்பாளரின் கட்டளை மட்டுமே இருக்கும். செய்தவர் அதில் இல்லை. ரிவெட் அடித்த நால்வரின் பெயரும் எந்தப் பாலத்திலும் இல்லை. தண்டவாளத்தின் இந்தச் சிறு வரியில்தான் அவருக்கு, பெயரில்லாவிட்டாலும், ஓர் எண் கிடைத்திருக்கிறது. வண்டி நிற்கும் நேரத்தில் நடைமேடையின் ஓரத்திலிருந்து எதிர்ப்பக்கத்துத் தண்டவாளத்தைப் பார்த்தால், பக்கவாட்டில் சற்றே புடைத்த இணைப்புகளுக்கு அருகே அதைக் காணலாம்.